எலும்பில் ஏறிய எண்ணெய்

வேலப்பன் குளித்துவிட்டு வந்தால் பூவம்மா அவன் கையை வாங்கி முகர்ந்து பார்ப்பாள். ஆசையில் செய்வதல்ல, சோதனை. விரலிடுக்கில் வாடை மிச்சமிருந்தால் இன்னொரு பிடி சீயக்காயை உள்ளங்கையில் வைத்து, "போய்யா, இன்னொரு தபா தேச்சுக்கினு வா" என்பாள். அவனும் போவான். ராயபுரத்துக் குப்பத்தில் வேறு எந்த ஆம்பிளையும் இப்படி மணத்தைச் சோதித்துக்கொண்டு வேலைக்குப் போனதில்லை. தினமும் பெண் பார்க்கக் கிளம்புகிறான் என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள்.

அவன் போனது எலும்பு ஆபீசுக்கு. கல்மண்டபத்தைத் தாண்டி ஒரு பழைய பஞ்சுக் கிடங்கில், சில வெள்ளைக்கார வியாபாரிகள் சேர்ந்து காட்சிச்சாலை ஒன்று நடத்திவந்தார்கள். முன்பக்கம் பாடம் பண்ணிய பறவைகள், பாம்பு மிதக்கும் ஜாடிகள். பின்பக்கம் நீளமாக ஒரு கொட்டகை. அரியலூர்ப் பக்கம் வெட்டியெடுத்த, கல்லாகிப்போன எலும்புகள் சாக்கும் வெள்ளைச் சாந்தும் சுற்றப்பட்டு ரயிலில் வந்து அங்கே இறங்கும். மனிதன் பிறக்குமுன் நடமாடிய மிருகங்களின் எலும்புகள். சுற்றியிருக்கும் கல்லை உளியாலும் ஊசியாலும் பொடிப்பொடியாகச் சுரண்டி எலும்பை வெளியே கொண்டுவர வேண்டும். இந்த வேலையைப் பழக்குவதற்கு, சம்பளமும் கொடுத்து, ஒரு வருஷத்துக்கு இரண்டு பேரை எடுத்திருந்தார்கள். வருஷ முடிவில் ஒருவனுக்கு வேலை நிரந்தரம். மற்றவன் வீட்டுக்குப் போகலாம்.

வேலப்பன் வீட்டுக்காரர்கள் மசூலாப் படகு ஓட்டியவர்கள். கப்பல் தூரத்தில் நின்ற நாளில், சரக்கையும் சனத்தையும் அலை தாண்டிக் கரை சேர்த்த படகு. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்தது. துறைமுகம் கட்டி, கப்பலே கரையை ஒட்டி நிற்க ஆரம்பித்ததும் படகைத் தேடுவாரில்லை. தகப்பன் விட்டுப்போன படகை விறகுக்கு விற்கப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் காட்சிச்சாலைத் துரை அவனைப் பார்த்தார். ஒரு பலகையிலும் கீறல் விழாமல், துளை துளையாகத் தையலை உருவிக்கொண்டிருந்தான்.

"விறகுக்குத்தானே? ஏன் இத்தனை நிதானம்?" என்று துரை கேட்டார். அவர் புத்தகத்தில் படித்த தமிழ் பேசுவார்.

வேலப்பன் யோசித்தான். "பழக்கம், தொரே" என்றான்.

மறுநாள் வரச் சொன்னார்.

வேலை கிடைத்த அன்றே பூவம்மா கருவாட்டுக் கூடையை நாத்தியிடம் கொடுத்துவிட்டாள். குடிசைக்குள் கருவாடு இருந்தால் அவன் துணியில் ஏறும் என்றாள். அவள் அரிசி மண்டியில் நொய் புடைக்கப் போனாள். தவிட்டுத் தூசியில் இரவெல்லாம் இருமினாள். கேட்டால், "ஒரு வருசந்தானே, உன்க்கு வேலை நின்னுட்டா நான் இன்னாத்துக்கு இருமப் போறேன்?" என்பாள்.

இன்னொரு ஆள் ராமதாஸ். ஆபீஸ் குமாஸ்தா கருணாகரனுக்கு மைத்துனன். கெட்டவன் என்று சொல்ல முடியாது, வாய்தான் நிற்காது. வேலப்பன் கொட்டகை வாசலில் கால் வைத்ததும் தலையைத் தூக்காமலே சொல்வான்:

"வா நைனா. நீ தெருமுனைல வர்றப்பவே மூக்கு சேதி சொல்லிச்சு. இன்னா இன்னிக்கு, வஞ்சிரமா, காரப்பொடி மீனா?"

"சீயக்காய்" என்பான் வேலப்பன்.

"சீயக்காய் போட்ட வஞ்சிரம்!"

வேலப்பனும் சிரித்துவைப்பான். பிறகு இருவரும் குனிந்து சுரண்டுவார்கள். பெரிய மிருகம் ஒன்றின் தொடை எலும்பு, ஆள் நீளத்துக்கு, அவன் பங்குக்கு வந்திருந்தது. கல் எங்கே முடிகிறது, எலும்பு எங்கே தொடங்குகிறது என்பது ஊசிமுனைச் சத்தத்தில்தான் தெரியும். முதலில் நிறைய கெடுத்தான். ஒருமுறை எலும்பின் விளிம்பையே கல் என்று நினைத்துச் சீவிவிட்டான். துரை திட்டவில்லை, அந்தச் சில்லைப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவன் கெடுக்கவில்லை.

அந்த வேலையில் ஒரே ஒரு மருந்து. வெளியே வந்த எலும்பு காற்றுப் பட்டு வறண்டால் வெடிக்கும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பிரஷ்ஷால் தடவினால் உள்ளே இறங்கி இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிட்டும் அரக்கும் ஓர் இரும்பு அலமாரியில் இருந்தன. முதல் வாரமே கருணாகரன் அதற்குப் பூட்டுப் போட்டார். சாவியைப் பூணூல் மாதிரி ஒரு கயிற்றில் கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"குப்பத்து ஆளை உள்ள வுட்டிருக்காரு தொரை. ஸ்பிரிட்டைக் கண்டா சும்மா வுடுவானா?" என்று வேலப்பன் காதில் விழும்படியே சொன்னார். "தடவுற வேலை ராமதாஸ் பாத்துக்கட்டும்."

அதுவரை ஒரு சொட்டும் குறைந்ததில்லை. வேலப்பன் குடிக்காதவன். அதை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. தடவ வேண்டிய இடம் வந்தால் ராமதாஸைக் கூப்பிடுவான். ராமதாஸ் சாவியை வாங்கிவந்து, வேலப்பன் மூக்கருகே புட்டியை ஆட்டிக் காட்டி, "ஒரு மொடக்கு?" என்று கேட்டுவிட்டுத் தடவுவான்.

சித்திரை போய் வைகாசி பிறந்தது. துரை வழக்கம்போல ஊட்டிக்குப் போனார். திரும்பி வந்ததும் யாருக்கு வேலை என்று சொல்வதாகப் போகும்போது சொன்னார். வேலப்பனின் எலும்பைத் தட்டிப் பார்த்து, "நன்று" என்றார். அந்த ஒரு வார்த்தையை அன்று வீட்டில் பூவம்மா எத்தனையோ முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

துரை போன பிறகு கருணாகரன் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. மைத்துனனையும் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போனார். சாவி அவர் தோளிலேயே போயிற்று. கொட்டகையில் வேலப்பன் ஒருவன்தான்.

அன்று கடல்காற்று எழும்பவேயில்லை. மேற்கிலிருந்து நெருப்பை வாரியிறைத்த மாதிரி காற்று. எலும்பின் மேல்பக்கம் முழுவதும் அப்போதுதான் கல்லைவிட்டு வெளியே வந்திருந்தது. இன்னும் அரக்கு காணாத பச்சை எலும்பு. முழங்கால் மூட்டுக்கு மேலே மயிரிழையாக ஒரு கோடு தெரிந்தது. எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தான். வெடிப்புதான். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அது ஒரு சாண் ஓடியிருந்தது. ஓரத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்து மேஜையில் கிடந்தது.

வேறு சாவி இருக்குமோ என்று கருணாகரன் வீட்டுக்கு ஓடினான். கதவு பூட்டியிருந்தது, கல்யாணத்துக்கு வீட்டோடு போயிருந்தார்கள். திரும்பி வந்து அலமாரி முன் நின்றான். கையில் உளி இருந்தது. சின்னப் பூட்டு, ஒரு தட்டுக்குத் தாங்காது.

உளியை வளையத்தில் கொடுத்தான். எடுத்தான். மறுபடி கொடுத்தான். எலும்பைக் காப்பாற்ற உடைத்தேன் என்று அவன் சொல்வான். குப்பத்தான் ஸ்பிரிட் அலமாரியை உடைத்தான் என்று அவர்கள் சொல்வார்கள். இரண்டும் நடந்ததுதான். எது நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். உளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

பூவம்மா மண்டியிலிருந்து வந்திருந்தாள். கூரைக்கடியில் செருகியிருந்த மூங்கில் குழாயை அவன் உருவுவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். அதில் சுறா எண்ணெய் இருந்தது. படகு இருந்த காலத்து மிச்சம்.

"அத்த எங்கய்யா எடுத்துக்கினு போற?"

"எலும்பு வெடிச்சுக்கினு கீது. அலமாரி பூட்டிக் கெடக்குது."

"அதுக்கு?"

"பலகை வெடிச்சா இன்னா தடவுவோம்?"

"பலகையும் எலும்பும் ஒண்ணாய்யா?"

"ரெண்டும் காஞ்சாத்தான் வெடிக்குது. எண்ணெ குடிச்சா அடங்கும்."

பூவம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "ஒரு வருசமா உன் கைய மோந்து மோந்து அனுப்பிக்கினு கீறேன். நீ குழாயோட வாடையத் தூக்கிக்கினு போறேங்கிறே. வாணாம்யா. வெடிச்சா வெடிக்கட்டும். காத்து மேல பழி போவட்டும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கண்ணெதிரே வெடித்துக்கொண்டிருப்பதை வெடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க அவனுக்குப் பழக்கமில்லை. அவளை ஒதுக்கிவிட்டுப் போனான்.

எண்ணெயை விரலால் தொட்டு, வெடிப்பின் மேல் மெல்ல இழைத்தான். எலும்பு குடித்தது. தாகத்தில் கிடந்த மாடு மாதிரி குடித்தது. குழாய் காலியாகும்வரை இழைத்தான். செதில்கள் ஒட்டிக்கொண்டன, கோடு மங்கிக் காணாமற்போயிற்று. அன்று மாலை வேலப்பன் கடற்கரையில் உட்கார்ந்து வெகுநாளைக்குப் பிறகு சுருட்டுப் பிடித்தான்.

மறுநாள் எலும்பு பழுப்பாகியிருந்தது. அதற்கு மறுநாள் கறுப்பு. சட்டியில் தீய்ந்த கத்தரிக்காய் நிறம். விரல் வைத்த இடத்தில் மெத்தென்று அழுந்தியது. வெடிப்பு எழவில்லை, ஆனால் எலும்பு கல்லாக இருப்பதை விட்டுவிட்டது. சுண்ணாம்புத் தூளைத் தூவி எண்ணெயை உறிஞ்சப் பார்த்தான். தூளும் கறுத்து அப்பிக்கொண்டது.

கல்யாணம் முடிந்து வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். இந்த முறை ராமதாஸுக்கு வேடிக்கை வரவில்லை.

"இன்னா பண்ணிவெச்சே நைனா?" என்று மெதுவாகக் கேட்டான். அரக்கைக் கரைத்து எடுத்துவந்து தடவியும் பார்த்தான். அரக்கு ஒட்டாமல் முத்து முத்தாக வழிந்து ஓடியது. "பிடிக்கலியே" என்றான். அதோடு அவனால் ஆன உதவி முடிந்தது.

கருணாகரன் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, "கலீஜு! குப்பத்தையே கொண்டாந்து உள்ள வெச்சுட்டான்" என்றார்.

துரை வந்த அன்று கொட்டகையில் எல்லோரும் நின்றார்கள். துரை எலும்பைத் தொட்டார், விரலை முகர்ந்தார், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். மறுபடி முகர்ந்தார். வாடை போகவில்லை. அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் வேலப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏன்?" என்றார்.

"வெடிச்சுக்கினு இருந்தது தொரே. சாவி இல்லே."

"சாவி எங்கிட்டத்தானே இருந்திச்சு? வந்து கேட்டானா கேளுங்க" என்றார் கருணாகரன்.

"வூட்டாண்ட வந்தேன். பூட்டியிருந்திச்சு. அலமாரியும் பூட்டியிருந்திச்சு."

துரை திரும்பி அலமாரியைப் பார்த்தார். பூட்டை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது ஆடியது.

"இதுவா? இதை உடைத்திருக்கலாமே" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்."

வேலப்பன் கருணாகரனைத் திரும்பிப் பார்த்தான். கருணாகரன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராமதாஸ் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். துரை பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

வேலை ராமதாஸுக்கு ஆயிற்று.

பூவம்மா நாத்தியிடமிருந்து கருவாட்டுக் கூடையைத் திரும்ப வாங்கிவந்தாள். இருமல் மட்டும் மண்டியோடு நிற்கவில்லை, கூடவே வந்துவிட்டது. கொஞ்ச காலம் வேலப்பன் கரி மூட்டை தூக்கினான். அப்புறம் பூவம்மாவின் அண்ணன் இருந்த காத்திவாக்கத்துக்குப் பெயர்ந்தார்கள். அங்கே சுறா ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் கொட்டாயில் அடுப்புப் பார்க்கிற வேலை கிடைத்தது. ஈரல் உருகும் புகை தலைமயிரிலும் நகக்கண்ணிலும் சோற்றிலும் ஏறியது. சீயக்காய் வாங்குவதை விட்டார்கள். அவன் கையை யாரும் முகரவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு காணும் பொங்கலன்று பூவம்மா அண்ணன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனாள். அன்று எலும்பு ஆபீசில் சும்மா உள்ளே விடுவார்கள். வேலப்பன் வரவில்லை என்றான். பொழுது சாய்ந்து திரும்பியவள் நேரே கொட்டாய்க்கு வந்து, அடுப்பருகே குந்தினாள்.

"உன் எலும்பப் பாத்தேன்யா. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சுக்கீறாங்க."

அவன் துடுப்பால் ஈரலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"அந்த ராமதாஸு பட்டன் வெச்ச கோட்டு போட்டுக்கினு நிக்கிறான். ஜனங்களுக்குக் கதை சொல்றான். அந்தக் காலத்துல காடு தீப்பிடிச்சு எரிஞ்சுதாம். அதுல வெந்து கறுத்துப்போச்சாம் எலும்பு."

"தீயா?"

"தீதான். எனக்குப் பொறுக்கலே. இல்ல நைனா, அது எங்கூட்டுச் சுறா எண்ணெ, எங்கூட்டுக்காரரு தடவுனதுன்னேன்."

"இன்னா சொன்னான்?"

"என்னெ நல்லா அடையாளம் தெரிஞ்சுது அவனுக்கு. தெரிஞ்சுகினே, நகரும்மா நகரு, பின்னால ஜனம் நிக்குதுங்கிறான். மூக்க வேற பொத்திக்கிறான்."

பூவம்மா இருமினாள். இருமி முடிக்கும்வரை அவன் கிளறுவதை நிறுத்தியிருந்தான்.

"முட்டிக்கு மேல, இடது பக்கம்" என்றான். "வெடிப்பு திரும்பி வந்துகீதா?"

"அத்த நான் எங்கய்யா பாத்தேன்?"

"அதைத்தான் பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளினான்.