சுந்தர்ராஜ் சொன்ன இரண்டு சாட்சிகள்

சாக்குச் சொல்வதில் சுந்தர்ராஜை அடித்துக்கொள்ள சித்தூர் சர்ச் சபையில் ஆள் கிடையாது. தன் கல்யாணத்துக்கே லேட்டாக வந்து, ரயில்மேல் பழி போட்டவன். பெண் வீடு அடுத்த தெரு. அப்பேர்ப்பட்டவன், கடைத்தெரு நோ பார்க்கிங் போர்டுக்கு அடியில் ஸ்கூட்டரை விட்டதற்கு அபராதம் போட்டால் சும்மா இருப்பானா? எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனான். தன்னை யோக்கியன் என்று சொல்ல போதகர் கிருபானந்தத்தையும் இழுத்துப்போனான். அவர் வேண்டாவெறுப்பாக வந்தார்.

"ரெண்டே நிமிசம் சார், போர்டே கண்ல படல" என்றான் கூண்டில்.

அவனுக்கு முன்னால் நின்றவனும் இதையேதான் சொல்லிவிட்டுப் போயிருந்தான். மாஜிஸ்ட்ரேட் கொட்டாவி விட்டுக்கொண்டே போதகரைப் பார்த்தார்.

"இவர் உண்மை பேசுற ஆளா?"

"சர்ச்சுல பேசுவான்" என்றார் போதகர். "கர்த்தர் செஞ்ச நன்மையைச் சொல்லுங்கன்னா, போன ஞாயித்துக்கெழமை எழுந்து அழுதுக்கினே சாட்சி சொன்னான். அபராதம் போட்ட அன்னிக்கு அந்தப் போர்டு கம்பத்துலயே வண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டிட்டு, காலையில திருப்பதி போய் சாயந்திரம் வந்தானாம். திருடன் கைபடாம கர்த்தர் காத்தாராம். நாங்க எல்லாரும் அல்லேலூயா சொன்னோம்."