சன்னல் வைத்த அறைக்கு ஓர் அட்டை

தபால்காரரைக் கண்டு பயந்த மனிதன் காரைக்குடியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மாசி மாதம், மூன்று வாரம் அப்படிப் பயந்தேன். பதினொரு மணிக்கு அவர் சைக்கிள் எங்கள் தெருவில் திரும்பும். நான் செக்காலையில் உள்ள என் ஹார்டுவேர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, மாத்திரை மறந்துவிட்டேன், கண்ணாடி மறந்துவிட்டேன் என்று ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி, பத்தே முக்காலுக்கு வீட்டு வாசலில் வந்து நிற்பேன்.

"என்னங்க, தெனமும் எதையாவது மறந்துட்டு வாரீக? டாக்டர்ட்ட காட்டுவமா?" என்று கேட்பாள் என் மனைவி. காரணம் அவளுக்குத் தெரியும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் என் அப்பச்சி காதில் விழவேண்டும் என்பதற்காகக் கேட்பாள். தகப்பனாரை எங்கள் பக்கம் அப்பச்சி என்போம்.

நான் எதிர்பார்த்தது ஒரு கிரெடிட் கார்டு. அது அப்பச்சி கையில் கிடைத்துவிடக்கூடாது என்பதுதான் என் பயம்.

சங்கதி சன்னலில் தொடங்கியது. எங்கள் வீடு பங்காளிகள் பொதுவாகக் குடியிருக்கும் பெரிய வீடு, முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், கல்யாணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அரண்மனை என்பார்கள். உள்ளே அந்த அறைகளுக்குச் சன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பகலிலும் விளக்குப் போட வேண்டும். என் மனைவி அதில் இருபத்திரண்டு வருஷம் படுத்து எழுந்தவள்.

மதுரையில் ஒரு டிராவல்ஸ்காரர் கொடுத்த வண்ணத்தாளை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சிங்கப்பூரில் கப்பல் ஏறி, மூன்று நாள் கடலில் சுற்றிவிட்டு, அங்கேயே வந்து இறங்குவது. அவள் கப்பலைப் பார்க்கவில்லை, விலையையும் பார்க்கவில்லை. படத்தில் இருந்த இரண்டு அறைகளைத்தான் பார்த்தாள். ஒன்றுக்குச் சன்னல் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை.

"சன்னல் இல்லாத ரூம்புக்கு எதுக்குங்க கடல் தாண்டிப் போகணும்? இங்கனயே கதவச் சாத்திட்டுப் படுத்துக்கிருவேனே."

சன்னல் அறைக்குப் பணம் ஏகத்துக்கு அதிகம். அதே தாளின் பின்பக்கத்தில் ஓர் ஓரமாக, இன்ன வங்கியின் அட்டையில் டிக்கெட் எடுத்தால் சலுகை உண்டு என்று போட்டிருந்தது. நான் அந்த வங்கிக்கு எழுதிப்போட்டு, கடை விலாசத்துக்கு விண்ணப்பத்தை வரவழைத்தேன். அதில் இரண்டு விதமான அட்டை இருந்தது. என் ஆங்கிலம் பெயிண்ட் டப்பாக்களைப் படித்தே கற்ற ஆங்கிலம். அதனால் பக்கத்துக் கடை பாயிடம் கொண்டுபோனேன். அவர் தம்பி சிங்கப்பூரில் இருந்தார். அட்டை வைத்திருக்கிற ஒருவரைப் பார்த்திருக்கிறவர் எங்கள் வரிசையில் பாய் மட்டும்தான்.

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். "இந்த மொத அட்டைக்கு வருஷக் கட்டணம் கம்மி. சாமான் வாங்க வாங்க புள்ளி ஏறும். புள்ளி சேந்தா இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம், பிளாஸ்க்கு இப்படி எதாச்சும் குடுப்பான். ரெண்டாவதுக்குக் கட்டணம் ஜாஸ்தி. ஆனா டிக்கெட்டு எடுத்தா புள்ளி ரெட்டிப்பு. அதுவும் சேந்த வருஷத்துல கப்பல் டிக்கெட்டு எடுத்தா, சன்னலில்லாத ரூம்புக் காசுக்குச் சன்னல் வச்ச ரூம்பு."

"அப்ப ரெண்டாவதுதான் பாய்."

"இருங்க செட்டியாரே. இந்த ஊர்ல எந்தக் கடையில அட்டையத் தேய்க்கிறான்? புள்ளி சேக்க மாசாமாசம் மதுரைக்கா பஸ் ஏறுவீக?"

"ஒரு தடவ தேச்சாப் போதும் பாய். டிக்கெட்டுக்கு மட்டும்."

பாய் என்னையே பார்த்தார். "காசு இருக்கவன் அட்டை வாங்குறான். அட்டை இருக்கவன்கிட்டக் காசு இருக்கும்னு கடைக்காரன் நம்புறான். நடுவுல மாட்டுறது யாருன்னு ஒங்க அப்பச்சியக் கேளுங்க" என்றார். மனிதர்கள் போகிறபோக்கில் சொல்வதை மனசில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அன்றைக்கு மட்டும் அதை எழுதி வைக்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்தேன்.

அப்பச்சியிடம் கேட்க முடியாததற்குக் காரணம் பெரியப்பா. அவர் மதுரையில் கடன் வாங்கி ஜவுளிக்கடை நடத்தி, கடைசியில் மஞ்சக் கடுதாசி கொடுத்தவர். கொடுக்க வழியில்லை என்று கோர்ட்டில் எழுதிக்கொடுப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதன்பிறகு அவர் இருந்தவரை வீட்டு முன்வாசல் வழியாக வெளியே போனதே இல்லை. பின்வாசல்தான். அவர் இறந்த வருஷம், அப்பச்சி என்னையும் பெரியப்பா மகனையும் குன்றக்குடி மலைக்குக் கூட்டிப்போய், முருகன் முன்னால் ஆளுக்கொரு சூடத்தைக் கையால் அணைக்கச் சொன்னார். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று சத்தியம். எனக்கு அப்போது இருபது வயது. உள்ளங்கை சுட்டது இன்னும் நினைவிருக்கிறது.

அதே கையால்தான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். கடன் அல்ல, அட்டைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முருகனுக்கு அந்த வித்தியாசம் புரியுமா என்பது தெரியவில்லை. அட்டையை ரேஷன் கார்டில் உள்ள விலாசத்துக்குத்தான் அனுப்புவார்களாம். அதனால்தான் அந்த வாசல் காவல்.

மூன்றாவது வாரம் தாங்க முடியாமல் தபால்காரரிடமே கேட்டுவிட்டேன்.

"ஒங்க பேருக்கு ரிஜிஸ்தர் தபால் குடுத்துப் பத்து நாளாச்சே அண்ணே. ஞாபகமில்லையா? கையெழுத்துப் போட்டு வாங்கினீகளே, பின்வாசல்ல."

"நானா?"

"ஒங்க வீட்ல இந்தப் பேரு எத்தன இருக்கு, சொல்லுங்க?"

எங்கள் வீட்டில் அந்தப் பெயர் இரண்டு இருந்தது.

எங்களில் மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயரை வைப்பதுதான் வழக்கம். பெரியப்பாவின் மூத்த மகனுக்கும் ஐயா பெயர், எனக்கும் ஐயா பெயர். இரண்டு தகப்பன்மார் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கியதால் முன்னெழுத்தும் ஒன்று. வீட்டுப் பெண்கள் ஐயா பெயரை வாயால் சொல்லமாட்டார்கள் என்பதால் அவர் பெரியவன், நான் சின்னவன். எட்டு மாத வித்தியாசம். எங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்கிற ஒரே ஆள் தபால்காரர்தான். வங்கிக்கு எழுதும்போது இது எனக்கு நினைவுக்கே வரவில்லை. நாற்பது வருஷமாகச் சின்னவனாகவே இருந்துவிட்டவனுக்கு எப்படி வரும்?

அப்படியென்றால் அட்டை பெரியவன் அண்ணனிடம் இருக்கிறது. என்னோடு சேர்ந்து சூடம் அணைத்தவர். மஞ்சக் கடுதாசி கொடுத்தவரின் மகன். பால்காரருக்குக்கூட அன்றன்றைக்கே கொடுத்துவிடுகிற மனிதர். அவர் அதைப் பிரித்துப் பார்த்திருப்பார். அப்பச்சியிடம் சொல்லியிருப்பார், அல்லது இன்றைக்குச் சொல்வார்.

அடுத்த நான்கு நாள் சோறு இறங்கவில்லை. அண்ணன் பந்தியில் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். நான் முற்றத்துக்கு வந்தால் எழுந்து போனார். அப்பச்சி ஒரு தடவை இருமினால்கூட, என்னைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். "போய்க் கேட்டுருங்களேன். இப்பிடியே பயந்து செத்தா நான் சன்னல் ரூம்புல ஒத்தையிலயா போறது?" என்றாள் மனைவி.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். அண்ணன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். விளக்கைப் போட்டதும் பார்த்தேன், அவர் முகம் என் முகத்தைவிட வெளுத்திருந்தது.

"அப்பச்சிட்ட சொல்லிட்டீகளா?" என்றேன்.

அதே மூச்சில் அவர், "சித்தப்பாகிட்டச் சொல்லிட்டியாடா?" என்றார்.

அவர் பெட்டியைத் திறந்து, வேட்டி மடிப்புக்குள்ளிருந்து அட்டையை எடுத்தார். அவரும் எழுதிப்போட்டிருக்கிறார்! என் மனைவி அவர் மனைவியிடம் சன்னலைப் பற்றிச் சொல்லப்போக, அதே டிராவல்ஸ், அதே வங்கி.

"எனக்கு வந்ததுன்னுதான்டா நெனச்சேன். எம்பேருதானே போட்டிருந்துச்சு? ஆனா கட்டணம் கம்மின்னு நான் கேட்டது இஸ்திரிப் பெட்டி அட்டை. வந்தது இது. ஆளப் பாத்துப் பெரிய அட்டையாக் குடுத்திருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்."

"அண்ணே, அது நான் கேட்ட அட்டை."

அவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்து வெள்ளைக் கோட்டில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். என் அட்டையில், என் பெயரில், அவர் கையெழுத்து. இது எந்தச் சட்டத்தில் எத்தனை வருஷம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் தபால்காரர் வந்திருக்கிறார். மூன்று வாரமாக வாசலில் நின்றவன் அன்றைக்கு மட்டும் வாசலில் இல்லை.

"ரெண்டு பேரும் இங்க வாங்கடா." அப்பச்சியின் குரல்.

போய் நின்றோம். அவர் கையில் ஒரு கடிதம். மலாயாவில் பதினைந்து வருஷம் இருந்தவர், ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் படிப்பார். "ஒங்களுக்கு ஏற்கெனவே எங்க கடன் அட்டை இருக்கதால ரெண்டாவது அட்டை தர்றதுக்கில்லன்னு எழுதியிருக்கான். இது ஒங்கள்ல யாருக்குடா?"

நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் என்னைப் பார்த்தார்.

"பேரு ஒண்ணு, எழுத்து ஒண்ணு. அவனுக்கு ரெண்டும் ஒரே ஆளு" என்றார் அப்பச்சி. "சூடத்த அணைச்ச கை மட்டும் ரெண்டு. எங்கடா அட்டை?"

அண்ணன் நீட்டினார். அப்பச்சி அதை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். நகத்தால் எழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு வெற்றிலைப் பெட்டியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து, அட்டையை அதன் வாயில் கொடுத்து அமுக்கினார். பாக்கைப்போல நொறுங்கவில்லை. இரண்டு மூன்று தடவை அமுக்கவேண்டியிருந்தது. ஒவ்வோர் அமுக்கலுக்கும் அண்ணன் தோள் குலுங்கியது.

"இதுல ஏதும் வாங்குனீகளாடா?"

"இல்ல அப்பச்சி" என்று நான் முந்திக்கொண்டேன். அது உண்மை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் குன்றக்குடிக்குப் போய் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவோம் என்று அண்ணன்தான் கூப்பிட்டார். பாதிப் படியில் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன்.

"தேச்சுட்டேன்டா" என்றார்.

"எத?"

"அட்டைய. போன வாரம் மதுரையில. டிக்கெட்டு எடுத்துட்டேன். நாலு பேருக்கு."

"நாலு பேரா?"

"ஒம் பொண்டாட்டி வரலேன்னா எம் பொண்டாட்டி வரமாட்டாளாம். அவ ஆளு தெரியாத எடத்துல ஒத்தையிலே சாப்பிடமாட்டா. எடுத்துட்டு அப்பறமா ஒங்கிட்டச் சொல்லிக்கிரலாம்னு இருந்தேன். நீ பாக்குற பார்வையில எங்க சொல்றது?"

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நேற்று அப்பச்சியிடம் நான் சொன்னது பொய்யாகிவிட்டது. சொன்னபோது பொய் இல்லை, இப்போது பொய். மேலே போய் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. சூடத் தட்டு வந்தபோது இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டோம், தொட்டு ஒற்றிக்கொள்ளவில்லை. குருக்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அடுத்த மாதம் பில் வரும்வரை வாசலில் முறைபோட்டு நின்றோம். முன்வாசலில் நான், பின்வாசலில் அண்ணன். வந்த அன்றைக்கே இருவரும் பாதிப் பாதி போட்டு, காரைக்குடியில் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று திருப்பத்தூர் வரை பஸ்ஸில் போய் டிராப்ட் எடுத்து அனுப்பினோம். வட்டி ஒரு பைசா வரவில்லை. அட்டையை இனி வேண்டாம் என்று எழுதியும் போட்டுவிட்டோம். அப்பச்சியிடம், கையிலிருந்த பணத்தைக் கட்டித்தான் போகிறோம் என்று சொன்னோம். அவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சூதானமாப் போய்ட்டு வாங்க" என்றார்.

கப்பலில் சன்னல் அறைதான் கிடைத்தது. வட்டமான சன்னல், ஒரு தாம்பாளம் அகலம். மனைவி பெட்டியைக்கூட வைக்காமல் ஓடிப்போய்த் திரையை விலக்கினாள். கரை கண்ணுக்கு மறைந்தபிறகு இரண்டாம் தடவை போய்ப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே பின்னால் வந்து என் கையைப் பிடித்தாள்.

"என்னங்க இது, ஒண்ணுமே இல்ல. அம்புட்டும் தண்ணி. பயமாருக்குங்க." திரையை இழுத்து விட்டாள். மூன்று நாளும் அது மூடியேதான் இருந்தது. அவள் வீட்டில் தூங்குவதுபோல இருட்டில் நன்றாகத் தூங்கினாள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அறைக் கதவை யாராவது தட்டினால், கையில் கடிதத்தோடு அப்பச்சி நிற்கிறார் என்றே தோன்றியது. ஒரு தடவை தட்டியது அண்ணன். "அப்பா பின்வாசல்லயே போய்ட்டு வந்தாரேடா, நெனப்பிருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அப்பச்சி அதற்குப் பின் ஒன்பது வருஷம் இருந்தார். இரண்டு பேரும் அவரிடம் சொல்லவே இல்லை. அவர் காரியத்துக்குப் பிறகு வெற்றிலைப் பெட்டியைத் துடைத்து வைக்கும்போது, அடியில், சுண்ணாம்பு டப்பாவுக்குக் கீழே, அட்டைத் துண்டுகள் எல்லாம் ஒன்றுவிடாமல் இருந்தன. அவற்றோடு நான்காக மடித்த ஒரு காகிதம். அந்தக் கப்பல் டிக்கெட் பில்லின் நகல். வங்கி அதை இரண்டாவது பிரதியாக எந்த நாளில் அனுப்பியதோ, எந்த வாசலில் அவர் வாங்கினாரோ, தெரியவில்லை. 'கட்டியாகிவிட்டது' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததற்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, பழையபடி நான்காக மடித்து, சுண்ணாம்பு டப்பாவுக்குக் கீழேயே வைத்தார்.