ஒப்புதல் பொத்தான்

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வலைப்பதிவு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க ஏழு பேர் கொண்ட கமிட்டி போட்டார்கள். ஏழு பேரில் ஒருவருக்கும் வலைப்பதிவு கிடையாது. மாணவர்களும் ஆசிரியர்களும் ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டு எழுத வேண்டும், அது நம்முடைய சர்வரிலேயே இருக்க வேண்டும், இவ்வளவுதான் விஷயம். ஒரு வாரத்தில் முடிய வேண்டியதை ஒன்றேகால் வருடம் இழுத்தார்கள். சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்பதால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஓரமாக நானும் உட்கார்ந்திருந்தேன். மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறித் தரமணியில் இறங்குவதற்குள், அன்றைக்குச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். சொல்ல விட்டால்தானே.

மூன்று மென்பொருள்களை நிறுவிக் காட்டினேன். தமிழில் தட்டினால் ஒழுங்காகத் தெரிகிறதா, பழைய போனிலும் திறக்கிறதா, நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போனால் எழுதியதையெல்லாம் அள்ளிக்கொண்டு போக முடியுமா என்று சோதித்து வைத்திருந்தேன். ஒருவர், முகப்பில் துணைவேந்தர் படம் எங்கே வரும் என்று கேட்டார். கமிட்டித் தலைவர் ஒரு மூத்த தமிழ்ப் பேராசிரியர். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“ஏம்மா, இதுல அப்ரூவல் உண்டா?”

உண்டு. அந்த வசதியைப் போட்டுவிட்டால் எழுதியவர் அனுப்பியது உடனே வெளியே வராது. மேலே ஒருவர் படித்து, வேண்டுமானால் திருத்தி, ‘ஒப்புதல்’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் வரும். மாணவர்கள் எழுதும் இடத்தில் இது வேண்டாம் என்று மூன்று கூட்டங்களில் மன்றாடினேன். பல்கலைக்கழகத்தின் பேர் என்ன ஆவது என்றார் தலைவர். கடைசியில் சலித்துப்போய்ச் சரி என்றேன். நாம் தேர்ந்தெடுத்த மென்பொருளாவது வரட்டுமே என்ற அற்ப ஆசை. ஒப்புதல் கொடுக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றிலும் விட்டுக்கொடுத்தேன். ஒரு பதிவைத் திருத்தும்போதெல்லாம் பழைய வடிவத்தையும் சேர்த்து வைக்கும் வசதி அந்த மென்பொருளில் இருந்தது. சர்வரில் இடம் போதவில்லை. பெரிய டிஸ்க் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அந்த வசதியை நானே அணைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, என் கையாலேயே செய்தேன்.

ஒன்றில் மட்டும் அசையவில்லை. பதிவை முதல் முறை சேமித்ததும் அதன் தலைப்பை வைத்தே மென்பொருள் அதற்கு ஒரு முகவரியை உண்டாக்கும். உலாவியின் உச்சியில் நீளமாகத் தெரியுமே, அந்த வரி. பிறகு தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் முகவரி மாறாது. தமிழில் நீட்டி முழக்கி இருப்பது அசிங்கம், வெறும் எண் போதும் என்றார் தலைவர். தமிழ்ப் பேராசிரியருக்குத் தமிழ் அசிங்கமா சார் என்று கேட்டுவிட்டேன். அவர் தாளைப் புரட்டி அடுத்த விஷயத்துக்குப் போனார். முகவரி தமிழிலேயே இருந்தது.

மாணவர்களுக்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு எடுத்தேன். தனியாக நகல் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம், நேராக இங்கேயே எழுதுங்கள், நம் சர்வரில் பத்திரமாக இருக்கும் என்று பெருமையாகச் சொன்னேன். அதை அப்படியே நம்பியவள் ஒரு சமூகவியல் மாணவி. அடையாற்றங்கரையில் பிறந்தவள். அவள் பள்ளியில் படிக்கும்போது அந்தக் குடிசைகளை இடித்து, எல்லாரையும் நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே இருக்கும் பெண்கள் அந்த நாளைப் பற்றிச் சொல்வதை, அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதி வந்தாள். கணக்கெடுக்க வந்தவர்களிடம் பேசி ஏமாந்தவர்கள் என்பதால் குரலைப் பதிவு செய்ய ஒருத்தியும் ஒப்பவில்லை. அவர்கள் பேசப் பேச இவள் போனில் தட்டினாள். அவர்கள் சொன்ன முதல் வாக்கியத்தையே தலைப்பாக வைத்தாள். அப்படிப் பதினாறு பதிவுகள் ஒப்புதலுக்குக் காத்திருந்தன. மாதக்கணக்கில் காத்திருந்தன. அனுப்பிவிட்டால் எழுதியவராலும் திறக்க முடியாது.

தலைவர் விடுமுறையில் மொத்தமாக உட்கார்ந்து பதினாறையும் முடித்தார். கல்லூரி திறந்த பிறகுதான் மாணவி பார்த்தாள். நேராக என் அறைக்கு வந்து போனை மேசைமேல் வைத்தாள்.

“இன்னா மேடம் இது? யார் பேசறது இது?”

வகுப்பில் எழுத்துத் தமிழ் போலவே பேசும் பெண் அவள். அன்றைக்குத்தான் அவள் வீட்டுப் பேச்சை முதல்முறை கேட்டேன். படித்துப் பார்த்தேன். எங்கும் ‘கீது’ இல்லை, ‘இருக்கிறது’ இருந்தது. வசைகளைக் காணோம். பதினாறு பெண்களும் வானொலிச் செய்தி வாசிப்பவர்கள் மாதிரி பேசினார்கள். தலைப்புகளில் ‘இடப்பெயர்வின் வலிகள்’ ஒன்று, இரண்டு, மூன்று என்று தலைவர் போட்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே தளத்தில் ஒரு இசைப் பேராசிரியை தன் இளமையைப் பற்றி எழுதியிருந்தார். ‘ஆத்துல’, ‘பாடிண்டு’ என்று பக்கம் முழுக்க. எங்கள் வீட்டுப் பேச்சும் அதுதான். அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், மண்மணம் கமழ்கிறது என்று கீழே பாராட்டியிருந்தார் இதே தலைவர். என் வீட்டுத் தமிழ் மணக்குமாம், இவள் வீட்டுத் தமிழ் மட்டும் பிழையாம்.

அவரிடம் போய்க் கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் கொடுமை. அந்தப் பெண்களை நாலு பேர் மதிக்க வேண்டும் என்றுதான் ராத்திரி பகலாகத் திருத்தினேன் என்றார். மூலம் உங்களிடம் இருக்கிறதா என்றேன். சர்வரில் இருக்குமே, அதற்குத்தானே உங்களை வைத்திருக்கிறோம் என்றார்.

சர்வரில் இல்லை. பழைய வடிவங்களை வைக்கும் வசதியைத்தான் நான் அணைத்துவிட்டேனே. பேக்கப்பும் இடமில்லாததால் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது, அவர் திருத்தி ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஒரு நாள் முழுக்கத் துழாவிவிட்டு அவளிடம் சொன்னேன். என்மேல்தான் தப்பு என்றும் சொன்னேன். இல்லை மேடம் என்று ஒரு பேச்சுக்குக்கூட அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

பதினைந்து பேரிடம் மறுபடி கேட்கலாம், சொன்னாலும் சொல்வார்கள் என்றாள். பதினாறாவது பெண், ஆற்றங்கரையில் அவள் பக்கத்து வீட்டில் இட்லி போட்டு விற்றவர். பள்ளி நாட்களில் காலையில் இவளுக்குச் சாப்பாடு அங்கேதான். பதிவு ஒப்புதலுக்குக் காத்திருந்த காலத்தில் அவர் இறந்துபோனார். அவர் சொன்னதில் ஒரு வரியைத் தலைவர் அடியோடு எடுத்திருந்தார். வீடு இடிக்கப்பட்ட பிறகு அது அங்கே இருப்பதாகச் சொல்வது முரண் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தார். அந்த வரி என்ன என்று அவளுக்கே வார்த்தை வார்த்தையாக நினைவு வரவில்லை. அந்த வரிக்காகத்தான் மேடம் இத்தையே எழுத ஆரம்பிச்சேன் என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அவளுடைய போனை எடுத்துக் கொடுக்கப் போன நான் உலாவியின் உச்சியைப் பார்த்தேன். அவர் திருத்த மறந்த இடம். திருத்த முடியாத இடம். சொற்களுக்கு நடுவே சின்னச் சின்னக் கோடுகளோடு முகவரி அப்படியே இருந்தது. போனை அவள் பக்கம் திருப்பினேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டு முறை படித்தாள். பிறகு மற்ற பதினைந்தையும் திறந்து பார்த்தோம். பதினாறு பெண்கள் சொன்ன முதல் வாக்கியமும் இருந்தது, அதற்குமேல் எதுவும் இல்லை.

இப்போது என்ன செய்யட்டும் என்று கேட்டேன். உள்ளே இருப்பது அவர்கள் பேசியது இல்லை, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்றாள். தலைப்பையும் உள்ளடக்கத்தையும் எடுத்தேன். முகவரியைத் தொடவில்லை. ஒப்புதல் வசதியையும் அணைத்தேன். யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் தலைவர் போன் செய்தார். பதினாறு பக்கமும் வெள்ளையாக இருக்கிறது, மென்பொருள் கெட்டுப்போய்விட்டதா, நாம் தேர்ந்தெடுத்ததே தப்போ என்றார்.

“காலியா இல்ல சார். கடைசிப் பக்கத்தைத் திறந்து உச்சியில முகவரியைப் படிங்க” என்றேன்.

கண்ணாடி எடுத்து மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பவர் மாதிரி மெதுவாகப் படித்தார். “கதவ மட்டும் எத்துக்கினு வந்தேன், வூடு அங்கியேதான்...” அந்த இடத்தில் நின்றார். பிறகு, பழக்க தோஷத்தில், “இருக்கிறது” என்று முடித்தார்.

“கீது, சார்” என்று திருத்தினேன்.