நுரை போட்டு நட்ட வேலி

அந்தத் தீபாவளிக்கு என் மனைவி வேலை பார்த்த கடையில் இனிப்பும் கொடுக்கவில்லை, புடவையும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு டப்பாக்கள் அடங்கிய ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தார்கள். விருத்தாசலத்தில் அது ஒரு ஹார்டுவேர் கடை. அவள் அங்கே பில் போடுகிறவள். மெட்ராஸிலிருந்து கதவு, ஜன்னல் சாமான்களோடு தவறுதலாக வந்துவிட்ட அந்தப் பெட்டி மாதக்கணக்காக ஒரு மூலையில் கிடந்தது. கேட்டு வருகிறவர் யாருமில்லை. முதலாளி நல்ல நாள் பார்த்து அதை அவளுக்குப் பரிசாக்கிவிட்டார்.

“நல்ல சாமான்மா. கதவு நெலைக்கும் சுவத்துக்கும் நடுவுல சந்து இருந்தா இத்த அடிச்சா போதும். நொரயா பொங்கி வந்து கல்லாட்டம் இறுகிக்கும்” என்றாராம்.

எங்கள் வீட்டில் அடைக்க வேண்டிய சந்து எதுவும் இல்லை. வேலிதான் இல்லை. ஊருக்கு வெளியே, செராமிக் கம்பெனிகளைத் தாண்டிப் புதிதாகப் பிரித்த மனைகளில் ஒன்றை வாங்கி, அப்போதுதான் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். அந்தக் கம்பெனிகளில் ஒன்றில், ஃபியூஸ் கட்டை செய்கிற ஒரு சின்ன இடத்தில், நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். வீட்டைச் சுற்றிலும் வெறும் மனைகள். எதிர்மனைக்காரரின் ஆடுகள் எங்கள் வாசலைத் தங்கள் வாசலாகவே நினைத்து வந்து போயின. முருங்கைக் கன்று போயிற்று, கருவேப்பிலை போயிற்று, கொடியில் காய்ந்த என் மனைவியின் புடவையில் ஒரு சாண் முந்தானையும் போயிற்று. அன்றைக்குத்தான் வேலி என்ற பேச்சு எங்கள் வீட்டில் சூடு பிடித்தது.

சவுக்குக் கம்புகள் பதினான்கு வாங்கிப் போட்டாயிற்று. ஆனால் நட முடியவில்லை. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. என் அப்பா, குழிக்குக் குழி ஜல்லியும் சிமெண்டும் போட்டுத்தான் நட வேண்டும், அதற்குத் தை மாதம் வரை பொறுக்க வேண்டும் என்றார். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முப்பது வருடம் தண்டவாளத்துக்கடியில் ஜல்லி தள்ளியவர். ஜல்லியின் மேல் நிற்காத எதுவும் உலகத்தில் நிற்காது என்பது அவர் எண்ணம்.

என் மனைவி ஒரு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுச் சொன்னாள்.

“மாமா, இது ஈரம் பட்டாத்தான் சீக்கிரமா இறுகுமாம். நம்ம மழைக்குன்னே செஞ்சதாட்டம் இருக்குது. கம்ப குழில நிக்க வச்சி இத்த அடிச்சா என்னா?”

“நொரய நம்பி வேலி போடுவாங்களாம்மா? சோப்பு நொரயில தூணு நட்ட கதயா இருக்குதே.”

“சோப்பு இல்ல மாமா. மருந்து.”

“மருந்துன்னா டாக்டரக் கேளு” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு பேருக்கும் நடுவில் நான் யார் பக்கம் என்று கேட்டால், அவள்தான் சோறு போடுகிறவள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்தேன். அவளும் லீவு. களிமண் என்பதால் குழி சுலபமாக விழுந்தது. மதியத்துக்குள் பதினான்கு குழிகள். அப்பா நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு, ரயில் விபத்தைப் பார்க்க வந்தவர் போல உட்கார்ந்தார்.

முதல் குழியில் நான் கம்பை நேராக நிறுத்திப் பிடித்தேன். அவள் டப்பாவை நன்றாகக் குலுக்கித் தலைகீழாகப் பிடித்து அழுத்தினாள். அதன் வாயில் செருகியிருந்த குழாய் வழியாக மஞ்சள் நுரை மெதுவாக இறங்கிற்று. உள்ளங்கை அளவுதான் விழுந்தது போலத் தெரிந்தது. “இன்னும் அடி” என்றேன். அடித்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பருக்க ஆரம்பித்தது. குழி நிறைந்து, வாய் வழிந்து, தைப் பொங்கல் பானை போலப் பொங்கி வந்தது.

“பொங்கலோ பொங்கல்!” என்றார் அப்பா, நாற்காலியிலிருந்து.

இரண்டாவது குழியில் இன்னொரு அதிசயம். நான் கையை எடுத்ததும் கம்பு தானாக மேலே எழுந்து வந்தது. அடியில் புகுந்த நுரை அதைத் தூக்குகிறது. என் மனைவி ஓடிவந்து கம்பின் தலையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றாள். கால் மணி நேரம் அப்படியே நின்றாள். அதற்குப் பிறகு எங்களுக்கு அளவு பிடிபட்டுவிட்டது. குழியை நனைப்பது, கொஞ்சமாக அடிப்பது, அழுத்திப் பிடிப்பது. ஐந்து, ஆறு, ஏழு என்று கம்புகள் வரிசையாக நின்றன. முதலில் நட்டதைப் போய் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. எனக்குக் கர்வமே வந்துவிட்டது.

பதினான்காவது கம்பில்தான் அது நடந்தது. நுரை வரவில்லை என்றாள். குழாயில் ஏதோ அடைத்திருக்கும் என்று நான் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். அவள் பலங்கொண்ட மட்டும் அழுத்தினாள். குழாய் தெறித்துப் போய், நுரை நேராக என் மீசையில் வந்து உட்கார்ந்தது.

யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? கையால் துடைத்தேன். துடைத்த கையால், நெற்றியில் விழுந்த முடியைத் தள்ளிவிட்டேன். அதற்குள் அவள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, “என்னாங்க, மேல பட்டா கையால தொடைக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க” என்றாள்.

மீசையில் இருந்தது வளர்ந்துகொண்டிருந்தது. மூக்கின் கீழே ஏதோ ஒன்று தனக்கென்று உயிர் வந்து பெரிதாவதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். தேங்காய் எண்ணெய் தடவினாள். போகவில்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தாள். அதுவும் போகவில்லை. மண்ணெண்ணெய் கண்ணில் இறங்கி, கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்ததுதான் மிச்சம். அப்பா எழுந்து வந்து, ஓய்வு பெற்ற பிறகு முதன்முறையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“வேலிக்கு வச்சது மூஞ்சில வேர் வுடுதுடா.”

செவ்வாய்க்கிழமை என்பதால் சலூன் எல்லாம் மூடியிருந்தது. இரவு முழுக்க அந்தக் கட்டியோடு மல்லாந்து படுத்துக் கிடந்தேன். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கடைத்தெரு சலூனில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். முடிவெட்டுகிறவர் விரல் நகத்தால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று சத்தம் வந்தது.

“மீசைய எடுத்துடலாம் சார். தலயில முன்னால மட்டும் எடுத்தா நல்லா இருக்காது. மொத்தமா அடிச்சிடவா?”

மொத்தமாக அடித்தார். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

கம்பெனிக்குப் போவதற்காக பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றேன். மொட்டைத் தலை, மீசையில்லாத முகம், சிவந்த கண்கள், தோளில் ஈரத்துண்டு. அங்கே பெண்ணாடம் பஸ்ஸுக்காக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெண்ணாடத்தில் இருக்கும் என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, எதிர்வீட்டுக்காரர். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறிற்று. நெருங்கி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“என்னா தம்பி இது... எப்ப?”

“நேத்து சாயங்காலந்தாண்ணே.” அதற்குள் விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்தேன். வெட்கமாக இருந்ததால் தலையைத் தூக்கவில்லை.

“திடீர்னா?”

“ஆமாண்ணே. குனிஞ்சி பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு நிமிசத்துல எல்லாம் முடிஞ்சி போச்சி.”

“அடப் பாவமே. எடுத்தாச்சா?”

“காலைல ஏழு மணிக்கே எடுத்தாச்சிண்ணே. ராத்திரி பூரா வச்சிக்கிட்டு என்னா பாடு தெரியுமா? பொட்டுத் தூக்கமில்ல.”

“ஒங்க அத்தைக்குச் சொல்லலியே?”

“இதப் போயி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பாங்களாண்ணே?”

அவர் என் கையை விட்டார். “இப்ப எங்க கெளம்பிட்டீங்க?”

“வேலைக்குத்தான். ஏற்கெனவே நேத்து ஒரு நாளு லீவு போயிடுச்சி.”

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது புரியவில்லை. பெண்ணாடம் பஸ் வந்தது. போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் ஏறிப் போய்விட்டார்.

கம்பெனியில் எல்லோரும் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆகவே எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. சாயங்காலம் வீடு திரும்பியபோது அப்பா கம்பு கம்பாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இதே வேலைதான் என்றாள் மனைவி. ஒரு கம்பாவது ஆடிவிட்டால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றும் ஆடவில்லை. பதினொன்றாவது கம்பை அவர் கட்டிப்பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தபோதுதான் தெருமுனையில் ஒரு வேன் திரும்பிற்று.

வேன் நிற்பதற்கு முன்பே அழுகைச் சத்தம் வந்து சேர்ந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு அத்தை தலைவிரிகோலமாக இறங்கினாள். பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் கையில் பெரிய மாலை.

“என்னப் பெத்த ராசா... சொல்லாம கொள்ளாம எடுத்துட்டாங்களே... கூடப் பொறந்தவளுக்கு மொகத்தக் காட்டாம எடுத்துட்டாங்களே... பொணம் எரிஞ்சி அடங்கல, அதுக்குள்ள வேலைக்குப் போனானாமே...”

கண்ணீரில் அவளுக்கு எதிரே இருந்தவர்கள் யார் என்று தெரியவில்லை. ஆனால் அப்பாவுக்கு அவளை நன்றாகத் தெரிந்தது. அக்கா அழுதுகொண்டு வருகிறாள். பின்னால் மாலையோடு ஆட்கள். பெண்ணாடத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டார். கம்பை விட்டுவிட்டு, “அய்யோ அக்கா, மாமாவா?” என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அவளும் அவரைக் கட்டிக்கொண்டு, “போயிட்டானேடா, என் தம்பி போயிட்டானேடா” என்று அழுதாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடமாவது அப்படி அழுதிருப்பார்கள். செத்துப்போனதாக அப்பா நினைத்த அந்த மாமா, அத்தையின் புருஷன், வேனின் முன் இருக்கையிலிருந்து இறங்கி வந்து, அப்பாவின் தோளைத் தொட்டு, “எலேய், நீ சாவலியா?” என்று கேட்டார்.

அத்தை கையை விலக்கிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓங்கி அவர் முதுகில் ஓர் அறை வைத்தாள்.

“உசுரோட இருந்துக்கிட்டா என்னெக் கட்டிப் புடிச்சி அழுவுற?”

எதிர்வீட்டுக்காரரும் வேனில் வந்திருந்தார். அவரும் நானும் பஸ் நிறுத்தத்தில் பேசியதை ஒவ்வொரு வார்த்தையாக எல்லோர் முன்னாலும் திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. ‘எடுத்தாச்சி’ என்ற இடம் வந்ததும் என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். போன் பண்ணியாவது கேட்டிருக்கலாமே என்றேன். “ஒங்கப்பன் செத்துட்டானான்னு போன் பண்ணிக் கேக்க முடியுமாடா?” என்றாள் அத்தை. அதுவும் நியாயம்தான்.

செத்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்று சொல்லி ஆளாளுக்கு அவளைத் தேற்றினார்கள். என் மனைவி பெரிய பாத்திரத்தில் உப்புமா கிண்டினாள். ஆண்கள் எல்லோரும் வரிசையாகப் போய், நுரையில் நட்ட கம்புகளை ஆட்டிப் பார்த்தார்கள். இதற்கிடையில் மாலையை யாரோ கட்டைச்சுவரில் வைத்திருந்தார்கள். கம்புதானே நின்றது, கம்பி இன்னும் கட்டவில்லையே. எதிர்மனை ஆடுகள் வழக்கம்போல நுழைந்து, நாரை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு மாலையை முடித்துவிட்டன. நல்லதாகப் போயிற்று. அதை எடுத்துப்போய் எங்கே போடுவது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் முள்கம்பி கட்டினோம். வேலி நன்றாகவே நின்றது. இரண்டு மழைக்காலம் தாங்கிற்று. அதற்குப் பிறகு கரையான் கம்புகளைத் தின்றுவிட்டது. நுரை அப்படியே இருந்தது. சிமெண்டுக் கால் நடுவதற்காகத் தோண்டியபோது அது கட்டி கட்டியாக வந்தது. ஜல்லி போட்டிருந்தால் என்று அப்பா ஆரம்பிப்பார் என எதிர்பார்த்தேன். “கம்புதான் வீணு. மருந்தக் குத்தம் சொல்லக் கூடாது” என்றார்.

ஆனால் வேன் வந்து போன அன்றிலிருந்து அப்பாவுக்கு வேறொரு குறை இருந்தது. தன் சாவுக்கு யார் யார் வந்தார்கள் என்று அவர் எண்ணிப் பார்த்துவிட்டார். ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்த அவருடைய சித்தப்பா மகன், எனக்குச் சித்தப்பா முறை, வரவில்லை. அத்தை அவருக்கும் ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள். சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். ஒரு வருடம் அப்பா அவரோடு பேசவில்லை.

பிறகு பெண்ணாடத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் அந்தச் சித்தப்பா வந்து அப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“என் சாவுக்கு வராதவன் பக்கத்துல எப்பிடிடா ஒக்காந்து சாப்புடுறது?”

“அண்ணே, நீ சாவவே இல்லியே” என்றார் சித்தப்பா.

“அது ஒனக்கு எப்பிடித் தெரியும்? சேதி வந்துதா இல்லியா?”

“வந்துது. சாயங்காலம் செத்து, காலைல ஏழு மணிக்கெல்லாம் எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. நான் நம்பல.” அவர் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார். “கடலூருக்குப் போறதுன்னாலே காலைலேருந்து மதியம் வரைக்கும் கெளம்புவ நீ. அவ்ளோ சுருக்கா கெளம்புற ஆளா?”

அப்பா தன் இலையை நேராகப் போட்டுக்கொண்டார். பிறகு அப்பளக் கூடையோடு வந்தவரைக் கூப்பிட்டு, “இவனுக்கு இன்னொன்னு வைய்யி” என்றார்.