குட்டிக்குப் பால் மறக்கடித்த கதை

குதிரை டாக்டர் என்றால் கம்பீரமான உத்தியோகம் என்று நினைக்காதீர்கள், பாதி நாள் சாணத்தோடுதான் பிழைப்பு. தொழிலை வெளியே சொல்லக் கூச்சப்படும் சக ஜீவன்களே, உங்களுக்குப் புரியும்.

பையில் லத்தி

தாய்ப்பாலை நிறுத்தும் சமயத்தில் குதிரைக்குட்டியின் வயிற்றிலுள்ள நல்ல கிருமிகள் தடுமாறும். அதைச் சோதிக்க ஒரு குட்டியின் சாணத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு தேனாம்பேட்டை மெட்ரோவுக்குள் நுழைந்தேன். பையில் என்ன என்று காவலாளி கேட்டார். சாணம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. யானை, குதிரைச் சாணத்துக்கு உள்ள நாகரிகமான பெயரால் "லத்தி" என்றேன். அவர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"போலீஸ்னு மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?"

பச்சைப் பூச்சு

திருவல்லிக்கேணி செல்வியின் ராணி, மெரினாவில் சவாரி போகும் குதிரை. அதற்கு வயதாகிவிட்டது. அடுத்து அந்த வீட்டுக்குச் சோறு போட வேண்டியது அதன் குட்டிதான். "இனிமே குட்டிக்குப் பாலை மறக்கடிக்கலாம்" என்றேன். எப்படி என்று சொல்லாமல் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

மறுபடி போனால் குட்டி கழிந்து கழிந்து துவண்டு கிடக்கிறது. ராணியின் மடி முழுக்கப் பச்சையாக ஏதோ பூச்சு. என்ன இது என்றேன். செல்வி அப்பாவியாகக் கேட்டாள்:

"நீங்கதானே டாக்டர் மறக்கடிக்கச் சொன்னீங்கோ? என் புள்ளைங்களுக்கும் இப்டித்தான் வேப்பில அரைச்சித் தடவினேன்!"

விளக்குமாறு

பால் திடீரென்று நின்ற மிரட்சியில் குட்டியின் வயிறு கெட்டிருந்தது. மடியைக் கழுவி, குட்டியைத் தாயிடமே விடச் சொன்னேன். மருந்து கொடுத்தேன். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் விதத்தை அப்போதுதான் விளக்கினேன். சற்றுத் தெளிந்ததும் குட்டி ராணியின் சாணத்தில் வாய் வைத்தது. செல்வி விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். "விடும்மா, தாயோட வயித்துல இருக்கிற நல்ல கிருமி குட்டிக்குப் போற வழி அது" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுக்கா டாக்டர் அவ்ளோ படிச்சீங்கோ?"

மெரினாவில் மரியாதை

குட்டி பிழைத்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் மனைவியோடு கடற்கரைக்குப் போனேன். செல்வி தூரத்திலேயே என்னைக் கண்டுபிடித்து, சவாரிக்கு நின்ற கூட்டத்துக்கே கேட்கும்படி கத்தினாள்:

"நான்தான் புத்தியில்லாம வேப்பில தடவிக் கொல்லப் பார்த்தேன், சாணியத் துன்ன வெச்சி உசுரு குடுத்தவரு இந்த டாக்டருதான்!"

தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டிய வாய், நன்றி என்று சொல்லிவிட்டுச் சுண்டல் தின்னப் போய்விட்டது.