சபீனா கேட்ட ஓட்டு

1788, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். புது அரசமைப்பை ஏற்பதா வேண்டாமா என்று ஓட்டுப் போடும் மாநாட்டுக்கு வந்த ஊர்ப் பிரதிநிதிகள் தங்கிய விடுதி ஒன்றில் சபீனா சமையல்காரி. தெற்கே கரோலினாவில் அடிமையாக இருந்து, எஜமானிடமிருந்து தப்பி, கப்பலில் தார்ப் பீப்பாய்களுக்கு நடுவே ஒளிந்து வந்தவள். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அடிமைத்தனம் செல்லாது என்று நீதிமன்றமே சொல்லியிருந்ததால் நான்கு வருடமாகக் கொஞ்சம் மூச்சு விட்டாள்.

அந்த மூச்சுக்கும் உலை வைக்க வந்தது புது அரசமைப்புச் சட்டம். ஒரு மாநிலத்திலிருந்து தப்பி ஓடிய ஆளை இன்னொரு மாநிலம் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம். விடுதியில் தங்கியிருந்த பிரதிநிதிகளில் ஒருவரான விவசாயி ஒபதியா டூலி சாப்பாட்டு மேசையில் அதை வாசித்தபோது அவள் பரிமாறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஒன்பது மாநிலம் ஒப்புக்கொண்டால் சட்டம் நடப்புக்கு வந்துவிடும். ஐந்து ஏற்கெனவே தலையாட்டியாயிற்று.

'வேண்டாம்' என்று ஓட்டுப் போடச் சொல்லி டூலியின் ஊர் எழுதிக் கொடுத்தே அனுப்பியிருந்தது. ஆனால் மூன்று வாரப் பேச்சில் மனிதர் ஆட்டம் கண்டிருந்தார். அதைப் பார்த்துப் பதறித்தான், யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள்: எஜமான் பெயர், தோட்டம், முதுகுத் தழும்பு, எல்லாம்.

"உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன் ஐயா. வேண்டாம்னே போடுங்க."

"சத்தியமாப் போடுறேன். பயப்படாத சபீனா."

மூன்றாம் நாள், சட்டத்தை மாநாடு ஏற்றுக்கொண்டது என்று ஊரெல்லாம் மணி அடித்தது. பத்துப் பேர் மாற்றிப் போட்டிருந்தால் கவிழ்ந்திருக்கும். டூலி சமையற்கட்டு வாசலில் வந்து நின்று தொப்பியைத் தடவினார்.

"ஆகட்டும்னு போட்டுட்டேன். சும்மா இல்ல, ஒம்பது திருத்தம் கேட்டு எழுதியிருக்கோம்."

"அதுல என் விஷயம் இருக்கா?"

"வரி இருக்கு, ஜூரி இருக்கு... உன் விஷயத்த யாரும் எடுக்கல."

"நீங்க அங்கதானே ஐயா இருந்தீங்க?"

நல்லவர்தான். நல்லவர்களால் வந்த கேடு கொஞ்சமா?

அவருக்கும் மனசு கேட்கவில்லை. "நீ சொன்னதெல்லாம் எனக்குள்ளயே இருக்கும். யார் வந்து கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேன். சத்தியமா."

சபீனா அவர் முகத்தையே பார்த்தாள். போன சத்தியமும் இதே வாயிலிருந்து வந்ததுதான்; எஜமான் பெயரை இவரிடம் ஏன் சொன்னோம்? அடுப்பில் வெந்துகொண்டிருந்த அவரைக்கொட்டையை அப்படியே விட்டுவிட்டு, சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.