வாசல் கொடியில் போட்ட உள்பாவாடை

என் மாமியாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவள் செத்துச் சாம்பலாகி எத்தனையோ காலமாயிற்று. "போதும்மா, விட்டுத் தொலைம்மா" என்கிறாள் என் மகள். எதற்கு விட வேண்டும்? என் புருஷனுக்கு இன்னொருத்தியைக் கட்டிவைக்கப் பார்த்தவள் அவள். அதுவும் என் உள்பாவாடையில் கண்ட ஒரு கறைக்காக.

வெள்ளானூரில் ஏர் பூட்டிப் பிழைத்த வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போனேன். அது சண்டைக் காலம். ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. துணிக்குப் பஞ்சம், அதனால் பழைய புடவையைக் கிழித்துத்தான் உள்பாவாடை தைத்துக்கொள்வோம். அதை வெயிலில் காயப் போடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆம்பிளைகள் கண்ணில் பட்டால் குடும்ப மானம் போய்விடுமாம். மாட்டுக் கொட்டகையில் கட்டிய மூங்கிலில் போட்டு, மேலே கோணிச் சாக்கால் மூட வேண்டும். நாளெல்லாம் கிடந்தாலும் ஈரம் போகாது. அந்த ஈரத்தோடும் மாட்டு மூத்திர வாடையோடும்தான் எடுத்துக் கட்டிக்கொள்வோம்.

அந்தச் சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதுதான் என் மாமியாருக்கு வேலை. மருமகள் முழுகாமல் இருக்கிறாளா என்று துணியிலேயே கண்டுபிடித்துவிடுவாளாம். அப்படி ஒரு நாள், துவைத்தும் போகாமல் மங்கலாக மஞ்சளடித்த கறையோடு என் பாவாடையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

"இன்னாடி இது? ஒனக்கு வெட்டை கீதா? கட்டிக் குடுக்கும்போதே தெரிஞ்சுகினுதான் தள்ளி உட்டாளா ஒங்கம்மா?"

வெட்டை என்றால் உடம்புச் சூட்டில் உள்ளே இருப்பதெல்லாம் உருகி வெள்ளையாக இறங்கும் நோய் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அது வந்தவளுக்குப் பிள்ளை தங்காது என்பார்கள். எனக்கோ வலியில்லை, அரிப்பில்லை, நாற்றமில்லை. மாதத்தில் சில நாள் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழவென்று படும், அப்புறம் போய்விடும். வயசுக்கு வந்ததிலிருந்தே அப்படித்தான். சொல்லிப் பார்த்தேன். யார் காதில் ஏறியது!

அன்றிலிருந்து தினமும் குளிக்கும்போது படிகாரம் கரைத்த தண்ணீரால் உள்ளே கழுவ வேண்டும் என்று உத்தரவு. தட்டிக்கு வெளியே நின்றுகொண்டு, "ஊத்தினியா? நல்லா ஊத்துடி" என்பாள். பச்சைப் புண்ணில் உப்பைத் தடவினதுபோல எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன். கொஞ்ச நாளில் நிஜமாகவே நோய் வந்தது. திரிந்த தயிர்போலக் கட்டிகட்டியாகப் பட்டது. அரிப்பென்றால் அப்படியொரு அரிப்பு, மனுஷி உட்கார முடியாது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று என் புருஷனிடம் ஜெயித்துவிட்டவள்போலச் சொன்னாள் மாமியார். அந்த மனுஷர் தரையைப் பார்த்தபடி, "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஆவணி பிறந்ததும் சென்னீர்குப்பத்திலிருந்து அவள் அண்ணன் வருவார், அவர் பெண்ணை இவருக்குப் பேசி முடிப்பது, என்னைத் தாய்வீட்டோடு தொலைப்பது என்று வீட்டுக்குள்ளேயே முடிவாயிற்று.

ஆடிக்கு என்னைத் தாய்வீட்டுக்கு, பட்டாபிராமுக்கு, அழைத்துப் போக வந்தாள் என் அம்மா. நான் உட்கார முடியாமல் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே ரயிலேற்றி, பட்டணத்தில் பொம்பளைகளுக்கென்று இருந்த ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா சோதித்துவிட்டு, படிகாரக் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மொதல்ல பட்டுதே, அது நோயே இல்லம்மா. உடம்பு தன்னைத்தானே கழுவிக் காத்துக்கிறது அது. துணியில காஞ்சா லேசா மஞ்சளாத்தான் தெரியும். எல்லாப் பொம்பளைக்கும் உண்டு, எனக்கும் உண்டு. நீ கண்டதை ஊத்தி அந்தக் காவலைக் கெடுத்துட்டே. போதாக்குறைக்கு ஈரத்துணி வேற. அதான் இப்ப இப்படி."

இன்னும் சொன்னார். நாற்றத்தோடு மஞ்சளாகவோ பச்சையாகவோ பட்டாலும், வீட்டுக்குத் தூரமில்லாத நாளில் ரத்தம் கலந்தாலும், அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தாலும் வெட்கப்படாமல் ஓடி வர வேண்டுமாம். ஊதா நிற மருந்து தடவி அனுப்பினார். உள்ளே எதையும் ஊற்றாதே, துணியை நல்ல வெயிலில் காயவை என்றார். ஆடி முடிவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. வயிற்றெரிச்சல் மட்டும் ஆறவில்லை.

ஆவணியில் திரும்பிப் போய் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "அவளுக்கு இன்னா தெரியும்? எங்கண்ணன் வரட்டும்" என்றாள் மாமியார். வரட்டும் என்று நானும் காத்திருந்தேன்.

அவர் வருகிற அன்று காலையில் கொட்டகைக்குப் போய்ச் சாக்கைத் தூக்கினேன். என்னுடைய பாவாடைக்குப் பக்கத்திலேயே அவளுடையதும் கிடந்தது. அவளுக்கும் இன்னும் தூரம் நிற்காத வயசுதானே. அதிலும் அதே மஞ்சள் கறை! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டையும் கொண்டுபோய் வாசல் கொடியில், கொளுத்துகிற வெயிலில் போட்டேன். அவளுடையதைக் கறை முன்னால் தெரியவும், புடவைக் கரை பின்பக்கம் மறையவும் பார்த்துப் போட்டேன்.

அண்ணன்காரர் வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். மோர் கொண்டுவந்த மாமியார் கொடியைப் பார்த்தாள். முகம் கறுத்தது. ஆனால் கெட்டிக்காரியல்லவா, அதையும் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளப் பார்த்தாள். சொம்பை வைத்துவிட்டு, கறை முன்னால் தெரிந்த பாவாடையை உருவி அண்ணன் முன்னால் விரித்துப் பிடித்தாள்.

"இந்த வெக்கத்த பாரு அண்ணாத்தே! வெட்டை புடிச்சவ. இவளாண்ட எம்புள்ள எப்டி குடும்பம் நடத்துவான்?"

"நல்லாப் பாருங்க அத்தே, அது ஒங்களுது" என்றேன். "போன பொங்கலுக்கு முந்தின பொங்கல்ல மாமா குடுத்த சீர்ப் புடவையில தெச்சது."

விரித்த துணியின் அடியில் அந்தப் புடவையின் பச்சைக் கரை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். பூந்தமல்லியில் சாயபு கடையில் அவரே பொறுக்கி எடுத்தது, மறப்பாரா? தங்கையின் கையிலிருந்த பாவாடை மெல்லத் தழைந்தது.

"இதுக்கு ஒருத்திய ஊட்ட உட்டுத் தொரத்துவேன்னா, நாளைக்கு எம்பொண்ணயும் தொரத்துவே" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மோரைத் தொடாமல் போய்விட்டார். அவர் பெண்ணை அடுத்த தை மாதமே வேறிடத்தில் கொடுத்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த என் புருஷன், பேச்செல்லாம் முடிந்த பிறகுதான் வந்தார்.

நான் அந்த மோரைக் குடித்துவிட்டு அவளுடைய பாவாடையை எடுத்து மறுபடியும் கொடியில் போட்டேன். அவள் தடுக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல், எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டாள்.

"எனக்கும் வெட்டையாடி?"

இல்லை அத்தே, எல்லாருக்கும் உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா சொன்னது அத்தனையும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"படிகாரம் கரைச்சு வெக்கட்டுமா அத்தே?" என்றேன்.